விட்டுவைத்த உயிர்

பொழியூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஷைனா,

கவரின் மேல் மடத்தில் உனக்கு வைத்த பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளேயும் அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. போன் பேசக்கூடாது, வெளியே வரக்கூடாது, மாதம் ஒரு கடிதம் என்று சட்டம் வைத்திருக்கும் மடமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாய். என் கூட்டாளி ராபின்சன் இறந்ததைப் பங்குச் சாமியார் உங்கள் மதருக்குப் போனில் சொல்லிவிட்டாராம். உன்னிடம் எவ்வளவு சொன்னார்கள் என்று தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

விடியும் நேரம், கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வள்ளத்தில் நானும் அவனும் மட்டும். பொழிமுகத்தில் நெய்யாற்றுத் தண்ணீர் கடலோடு மோதுகிற இடம் உனக்குத் தெரியும். அவன் எஞ்சின் பக்கம் இருந்தான், நான் முன்னால். “திரை வருது, பிடிச்சோ” என்றான். அவ்வளவுதான் கேட்டேன். அலை வள்ளத்தைப் புரட்டிவிட்டது. தண்ணீருக்கு மேலே வந்தபோது என் கையில் ஒரு காலி மண்ணெண்ணெய் கேன் இருந்தது. அதை எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்துக் கோட்டுகால் பக்கம் கரை ஒதுங்கினான்.

அன்றுமுதல் வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். “ஆண்டவரு ஒன்னெ எதுக்கோ விட்டுவச்சிருக்காரு, மக்கா.” சாமியார் சொன்னார். ஐஸ் கொண்டு வருகிறவன் சொன்னான். வீட்டில் ஜீனா தினமும் சொல்கிறாள். எதற்கு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ராபின்சனை ஏன் வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நீ ஆண்டவர் பக்கத்திலேயே இருக்கிறாய். கேட்டு எழுது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஷைனா. காலையில் வள்ளங்கள் இறங்கும் சத்தம் கேட்டால் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே கடல் சத்தம் கொஞ்சம் குறைவு. ஜீனாவிடம் முட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா ஒரே ஒரு நாள், “இனி எப்பம் எறங்குவ?” என்று கேட்டார். வலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

உன் அண்ணன்,
விஜின்

மடம், ஏற்காடு
18 ஆகஸ்ட் 2024

கிறிஸ்துவில் அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதம் கிடைத்தது. ராபின்சன் அண்ணனின் ஆன்மாவுக்காக நாங்கள் அனைவரும் திருப்பலியில் மன்றாடினோம்.

இறைவனின் திட்டங்கள் நம் அறிவுக்கு எட்டாதவை. அவர் உங்களைக் காத்ததில் நிச்சயமாக ஒரு நோக்கம் உண்டு. அதை அவர் தமக்குரிய நேரத்தில் வெளிப்படுத்துவார். அதுவரை பொறுமையோடு காத்திருங்கள். புனித சூசையப்பரின் நவநாள் ஜெபம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது நாள் விடாமல் சொல்லுங்கள். அஞ்சாதீர்கள்.

வரும் பிப்ரவரி இரண்டாம் தேதி நான் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க இருக்கிறேன். அதன்பின் என் வாழ்வு முழுவதும் இந்த மடத்துக்குள்தான். அப்பாவும் நீங்களும் ஜீனா அண்ணியும் வந்து ஆசீர்வதிக்க வேண்டும்.

உங்கள் தங்கை

பொழியூர்
15 செப்டம்பர் 2024

ஷைனா,

நான் எப்போது உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? என் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். ஜீனா எடுத்து நீவி வைத்திருக்கிறாள். சாமியார் சொன்னதையே நீயும் எழுதுவதற்கு ஏற்காடு வரை எதற்குப் போனாய்?

காத்திருக்கச் சொன்னாய். காத்திருந்து பார்த்தேன். பொறுக்கவில்லை. போன வாரம் கடலுக்குப் போக ஊர்ப் பையன்களோடு இறங்கினேன். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை போயிருப்பேன். கை தானாக விட்டுவிட்டது. திரும்பிக் கரைக்கு ஓடி வந்தேன், ஷைனா, நாய் ஓடுவதுபோல. ஒருவனும் சிரிக்கவில்லை. “போட்டும் மக்கா, நாளைக்கு நோக்கலாம்” என்றார்கள். சிரித்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் ராபின்சனின் மனைவி விமலகுமாரி வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். அவள் இப்போது மீன் விற்கப் போகிறாள். மீன் சருவத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது என்று பஸ்சில் இருந்து நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். சேலையெல்லாம் மீன்தண்ணீர். என்னைக் கணக்குக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

“எனக்க கெட்டியோனெ கடலு எடுத்தது. ஒன்னெ எடுக்கல்ல. அதக் கேக்க நான் வரல்ல மக்கா. ஒனக்கு வண்டி ஓட்ட அறியும் இல்லியா? நாளைக்கு என்னெ உதியன்குளங்கரை வரெ கொண்டு விடுவியா, மாட்டியா? அதப் பறஞ்சா மதி.”

நம் கனகதாஸ் மாமாவின் பெட்டி ஆட்டோ சும்மா கிடக்கிறது. அவருக்குக் கண் சரியில்லை. கேட்டதும் சாவியைத் தந்தார். மறுநாள் அவளைக் கொண்டுபோய் விட்டேன்.

அப்பா நலம்.

இனி எனக்கு உபதேசம் எழுதாதே. இன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று எழுது. அதைப் படிக்கிறேன்.

விஜின்

மடம், ஏற்காடு
6 அக்டோபர் 2024

அண்ணா,

நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

இன்றைக்கு எனக்குச் சமையலறை வேலை. அரிசியில் கல் பொறுக்கினேன். பிறகு திருப்பலிக்கான ஓஸ்தி அப்பம் சுடும் முறை. மாவைக் கரைத்து இரும்பு அச்சில் ஊற்றி அழுத்த வேண்டும். இரண்டு அச்சு கருகிப்போயிற்று. நினைப்பு வேறெங்கோ இருந்தது. அதன்பின் சிஸ்டர் செலஸ்டினுக்குக் கஞ்சி ஊட்டினேன். அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. “மணி அடிச்சாச்சா?” என்று ஒரு வாய்க்கு ஒருமுறை கேட்பார். “அடிச்சாச்சு சிஸ்டர்” என்றால் நிம்மதியாக வாயைத் திறப்பார். விழுங்கியதும் மறுபடி கேட்பார்.

இனி, நான் எழுதாமல் விட்டது. ஜெபத்தில் கண்ணை மூடினால் எனக்கு ஆண்டவர் தெரிவதில்லை. பொழிமுகம் தெரிகிறது. மீன் கொண்டு வருகிறவர் கடலில் காற்று என்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு எந்தச் சங்கீதமும் என் வாயில் நிற்பதில்லை. இது உன் விபத்துக்குப் பிறகு வந்ததும் அல்ல. ஒரு வருடமாகவே உள்ளே காய்ந்து கிடக்கிறது. பிப்ரவரி நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது. நோக்கம், திட்டம் என்றெல்லாம் உனக்கு எழுதினேன். எனக்கே தெரியாததை எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

அப்பாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அப்பாவைப் பற்றி யாராலும் ஒரே வரியில் முடிக்க முடிந்ததில்லை. அவர் கோபப்பட்டார், வலையைத் தூக்கி எறிந்தார், பாட்டு வைக்காதே என்றார் என்று ஏதாவது இருக்கும். ‘நலம்’ என்று மட்டும் எழுதினால் நான் என்ன நினைப்பேன்? அண்ணா, அப்பாவுக்கு என்ன?

ஷைனா

பொழியூர்
27 அக்டோபர் 2024

அன்புள்ள ஷைனா,

உன் கடிதத்தை ஜீனா எனக்கு முன்பே பிரித்துவிட்டாள். கடைசி வரியைப் படித்துவிட்டு, “இனியும் ஒளிச்சு வச்சா நானே எழுதுவேன்” என்று சண்டை. சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, வலை மடியில் இருக்கும்போதே அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். கடலுக்குப் போகும்போது வாசலில் சொல்வாரே, ‘வாறேன்’, அதுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘வாறேன்’. வலித்தாலும் ‘வாறேன்’. என்மேல் கோபம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ‘வாறேன்’. முதல் வாரம் அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. இப்போது எந்த ‘வாறேன்’ எதற்கு என்று ஓரளவு தெரிகிறது.

உனக்கு எழுதினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவாயோ என்று பயந்தேன். வராமல் இருந்துவிடுவாயோ என்றும் பயந்தேன். அதனால்தான் ‘நலம்’.

காலையில் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு வண்டி எடுக்கிறேன். விமலகுமாரியோடு இப்போது இன்னும் சில பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். சிலர் உச்சக்கடையில் இறங்குவார்கள், சிலர் பாறசாலை சந்தை வரை வருவார்கள். வழியெல்லாம் சண்டை. உன் சருவம் என் காலில் இடிக்கிறது, உன் ஐஸ் என் மீனில் விழுகிறது என்று. ஒரு நாள் சந்தைக்கு வெளியே எல்லோரும் இறங்கிய பிறகு விமலகுமாரி மட்டும் நின்றாள்.

“கடைசியா என்னமாக்கும் பறஞ்சான்?”

“‘திரை வருது, பிடிச்சோ’ன்னு பறஞ்சான்.”

“எனக்க பேரு வல்லதும் பறஞ்சானா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாய் வரவில்லை. “கேக்கல்ல” என்றேன்.

“நல்லது. ஆளாளுக்கு வந்து என்னட்ட பொய் பறஞ்சிட்டுப் போறினும்” என்றாள். சருவத்தைத் தலையில் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.

உன் பயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் குறையவில்லை. நீ ஓஸ்தியைக் கருக்கியதை மட்டும் ஜீனாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

விஜின்

மடம், ஏற்காடு
10 நவம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அழுகைதான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். அப்பா விழுந்துவிட்டார், இனி நான் வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் குறை சொல்ல முடியாது என்று நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அதன் பிறகுதான் அழுதேன். அப்பாவுக்காக அழுதேனா, நான் இப்படிப்பட்டவளா என்று அழுதேனா, தெரியவில்லை.

ஆனாலும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்தானே? நீ வண்டிக்குப் போய்விடுகிறாய். அண்ணி ஒருத்தியாக என்ன செய்வாள்? மதரிடம் கேட்டேன். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கொஞ்ச நாள் போய்வர அனுமதி தந்திருக்கிறார். நான் திரும்பாமலே இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். வார்த்தைப்பாடு கொடுக்காதவரை என்னை யாரும் தடுக்க முடியாது. மகள் அப்பாவைப் பார்க்க வந்துவிட்டாள் என்றால் ஊரும் ஏற்றுக்கொள்ளும். நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது. தூக்கம் இல்லை.

ஷைனா

பொழியூர்
20 நவம்பர் 2024

ஷைனா,

டிசம்பர் பிறந்து திருவருகைக் காலம் தொடங்கினால் உனக்குக் கடிதம் தரமாட்டார்கள். அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

நீ வா. அப்பாவைப் பார். ஆனால் அப்பாவைக் காரணம் காட்டி மடத்தை விட்டுவிட்டு வராதே. நாளைக்கு அப்பா போய்விட்டால் உன் கையில் என்ன மிஞ்சும்? அந்தக் கிழவனின் கட்டிலில் உன் பாரத்தையும் ஏற்றி வைக்காதே. அவர் ஒரு பக்கம்தான் அசைகிறார்.

அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால், “எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்லிவிட்டு வா. உனக்கு இங்கே இடம் உண்டு, சோறு உண்டு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் ஜீனா பார்த்துக்கொள்வாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

முட்டுவலி என்று ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டினேன்! பயமாக இருக்கிறது, இனி கடலுக்குப் போகமாட்டேன் என்று போன மாதம்தான் ஜீனாவிடம் சொன்னேன். “அது எனக்கு அன்னைக்கே அறியும்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் போய் எவ்வளவு பயந்தேன்.

விஜின்

மடம், ஏற்காடு
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்தில் நீயும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தங்கிவிடலாம் என்ற நினைப்போடுதான் வந்தேன். நீ அப்படி எழுதிய பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. வந்த மறுநாள் காலை நான்தான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போனேன். நினைவிருக்கிறதா? வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ‘வாறேன், வாறேன்’ என்று கோபத்தோடு வாசலையே பார்த்தார். நீ வண்டி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து கரண்டியை வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். அண்ணி வந்து, “அழாத மக்கா. எனக்க கையில இருந்தும் குடிக்க மாட்டாரு. கிழவருக்கு மவன் மட்டும் மதி. நம்மெல்லாம் வேலக்காரியளாக்கும்” என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

நான் இல்லாவிட்டாலும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. முதலில் அவமானமாக இருந்தது. பிறகு, நான் ஒளிந்துகொள்ள வைத்திருந்த இடத்தை யாரோ திறந்து காட்டிவிட்டதுபோல் இருந்தது.

ஒரு நாள் உன் வண்டியில் பின்னால் பெண்களோடு வந்தேனே, அதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். விமலகுமாரி அக்கா ஒரு சருவத்தை என் மடிமேல் ஏற்றி, “சிஸ்டரே, இதக் கொஞ்சம் பிடிச்சோ” என்றார். உடுப்பெல்லாம் மீன் வாடை. நான் உன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். உனக்குப் பயமெல்லாம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் வண்டி ஓட்டுகிறாய் என்று நினைத்திருந்தேன். இல்லை. வழியெல்லாம் உன் தோள் இரண்டும் தூக்கியபடியே இருந்தன, பின்னாலிருந்து ஏதோ வந்து அடிக்கப்போகிறது என்பதுபோல. ஆனாலும் யாராவது கை காட்டினால் நிறுத்தினாய். இறங்கிப்போய்ச் சருவத்தை வாங்கி ஏற்றினாய். மறுபடி தோளைத் தூக்கிக்கொண்டு ஓட்டினாய்.

பயம் போகட்டும், உள்ளே ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்ததும் சிஸ்டர் செலஸ்டினிடம் போனேன். நான் ஊருக்குப் போனதே அவருக்குத் தெரியவில்லை. “மணி அடிச்சாச்சா?” என்றார். “அடிச்சாச்சு” என்றேன். வாயைத் திறந்தார். எனக்கு அங்கிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை, அண்ணா.

மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வருடமாக ஜெபம் வரவில்லை என்பதையும் சொன்னேன். “பிறகு ஏன் வார்த்தைப்பாடு கொடுக்க நினைக்கிறாய்?” என்று கேட்டார். “இங்கே செய்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது” என்றேன். “அது போதுமா?” என்றார். தெரியவில்லை என்றேன். அவரும் யோசித்துவிட்டு, தமக்கும் தெரியவில்லை என்றார். பிப்ரவரி இரண்டு என்றே முடிவாகியிருக்கிறது. நீயும் அண்ணியும் வந்தால் போதும். அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்.

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

ஷைனா

பொழியூர்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷைனா,

தவக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தேன். உயிர்ப்பு விழாவும் கழிந்தது. இனி என் கடிதத்தை உன்னிடம் தருவார்கள்.

அப்பா போன செய்தி அன்றைக்கே போனில் உனக்கு வந்திருக்கும். வார்த்தைப்பாடு கொடுத்தாயிற்று, இனி நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் உங்கள் கோயிலில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உன் குரலைக் கேட்டவன்தானே நான். ஆனாலும் பெட்டியை மூடும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்கிறேன்.

போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜீனாவுக்கும் தெரியாது.

அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை, காற்றில்லாமலே அலை பொங்கிக் கரையேறும் என்று. வள்ளங்கள் எல்லாம் கரையில். மீன் இல்லாததால் பெண்களுக்கும் போக்கு இல்லை, எனக்கும் வண்டி இல்லை. வழக்கமான அவசரம் இல்லாத காலை. அப்பாவை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, பின்முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். தாடி வளர்ந்திருந்தது. நான்கு நாள் தாடியோடு கோயில் நடையில்கூட ஏறாத மனிதர். ஷேவ் செய்துவிடலாம் என்று சோப்பும் பிளேடும் எடுத்துவந்தேன்.

முதலில் வலது கன்னம். அந்தப் பக்கம்தான் பாடு. தோல் தொங்கிவிட்டது, விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்ய வேண்டும். அவர் கண்ணை மூடி வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். உள்ளே ஜீனா மீன்சட்டி தேய்க்கிற சத்தம். வலது பக்கம் முடிந்தது. பிளேடைக் கப்பில் இருந்த தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்பினேன்.

போயிருந்தார்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூக்கின் அருகே கை வைத்துப் பார்த்தேன், சும்மா வைத்துப் பார்த்தேன். ஜீனாவைக் கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிட்டால் அவள் கத்துவாள், அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள், உள்ளே தூக்கிக் கிடத்துவார்கள், வேட்டி மாற்றுவார்கள், சாமியார் வருவார். இடது கன்னத்தில் சோப்பு நுரை காயத் தொடங்கியிருந்தது.

ஒரு கை தண்ணீர் எடுத்து அதை மறுபடி நனைத்தேன். தலையைச் சாயாமல் என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். காது ஓரத்திலிருந்து இறக்கி, தாடை வரை வந்து, மூக்குக்குக் கீழே, பிறகு கழுத்து. ஓரிடத்திலும் கீறவில்லை. துண்டை நனைத்து முகம் முழுக்கத் துடைத்தேன்.

பிறகு ஜீனாவைக் கூப்பிட்டேன்.

உன் அண்ணன்,
விஜின்